பக்கத்து வீட்டில் கேஸ் கோளாறு: யாரிடம், எப்போது சொல்வது?

எதிர் வீட்டில் பிளம்பர் ஒருவர் பால்கனியிலிருந்து சமையலறைக்குச் செம்புக் குழாய் இழுத்துக்கொண்டிருக்கிறார். மேல் வீட்டில் தீர்ந்துபோகும் சிலிண்டரைப் படுக்கவைத்து எரிக்கிறார்கள். சொன்னால் பகை, சொல்லாவிட்டால் பயம். முடிவெடுக்க ஒரு கேள்வி போதும்: அங்கே தவறு நடந்தால் அது அந்தச் சுவருக்குள்ளேயே நிற்குமா?

சிலிண்டர் கேஸ் நிற்காது. காற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம் என்பதால் கதவிடுக்கு வழியே கசிந்து, படிக்கட்டில் இறங்கி, தரைத்தளத்தில் தேங்கும். முதல் மாடியில் கசிந்தால் கீழே இருப்பவருக்கும் ஆபத்துதான். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். எட்டுக்கு எட்டு அடி சமையலறைக்கு அது ஏறத்தாழ முக்கால் கிலோ கேஸ், 14.2 கிலோ சிலிண்டரில் இருபதில் ஒரு பங்குதான். தரையோரம் படிந்து நிற்கும்போது அதைவிடக் குறைவே போதும்.

இப்போதே வாடை அடிக்கிறது என்றால் முடிவெடுக்க எதுவும் இல்லை. காலிங் பெல்லை அழுத்தாதீர்கள். சுவிட்சில் வரும் சிறு பொறி போதும். கையால் கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். லிஃப்ட் வேண்டாம். படிக்கட்டு விளக்கைப் போடவும் வேண்டாம், எரிவதை அணைக்கவும் வேண்டாம். மெயினை அணைக்கலாமே என்று தோன்றும். ஆனால் பல குடியிருப்புகளில் மீட்டர் போர்டு படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, கேஸ் இறங்கி நிற்பதும் அங்கேதான். அந்த இடத்தில் வாடை இல்லை என்று உறுதியானால் மட்டும் கைவையுங்கள். தெருவுக்கு வந்தபிறகு போனை எடுத்து 1906-ஐ அழையுங்கள். இது எல்பிஜி கசிவுக்கான 24 மணி நேர எண். தீ என்றால் 101 அல்லது 112.

1906-இல் பேசுபவர் நுகர்வோர் எண் கேட்கக்கூடும். பக்கத்து வீட்டு எண் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாது என்றே சொல்லுங்கள். முகவரி, எத்தனையாவது மாடி, அருகிலுள்ள அடையாளம், எந்த கம்பெனி கேஸ், தெருவுக்கு சிலிண்டர் கொண்டுவரும் வண்டியில் எழுதியிருக்கும் ஏஜென்சி பெயர் ஆகியவற்றைச் சொன்னால் போதும்.

வாடை இல்லை, ஆனால் வேலை சரியில்லை என்பது வேறு நிலைமை. இங்கேதான் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டார் செய்வதெல்லாம் ஆபத்தும் அல்ல. வாடிக்கையாளருக்கு இரண்டு சிலிண்டர் உண்டு; அது விதிக்குட்பட்டதே. பழைய அடுப்பு, மஞ்சளாக எரியும் பர்னர் எல்லாம் சர்வீஸ் செய்ய வேண்டிய விஷயம், புகார் அல்ல. வீட்டிலேயே டிபன் வியாபாரம் செய்பவர் வீட்டு உபயோகத்துக்கான சிவப்பு சிலிண்டரை எரிப்பது விதிமீறல்தான். ஆனால் உங்கள் கவலை பாதுகாப்பா, வாசலில் நிற்கும் வண்டிகளா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கவலைப்பட வேண்டியது அவர் ஹை பிரஷர் அடுப்பை வைத்து, அதற்கேற்ற ரெகுலேட்டரை வீட்டு சிலிண்டரில் மாட்டியிருந்தால். சாதாரண வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில்தான் கேஸை விடும். அதற்கான டியூபில் பல மடங்கு அழுத்தம் ஏறினால் டியூப் நுனி கழன்றுவிடும்.

டியூபைப் பாருங்கள். ஏஜென்சி தரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபில் உள்ளே கம்பிப் பின்னல் உண்டு. எலி எளிதில் கடிக்காது. ஆயுள் ஐந்து ஆண்டு, தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது. சுவரைத் துளைத்து டியூபைக் கொண்டுபோவது, நடுவில் டி-ஜாயின்ட் போட்டு இரண்டு அடுப்புக்குப் பிரிப்பது, மூடிய அலமாரிக்குள் சிலிண்டரை வைப்பது மூன்றும் தவறு. செம்புக் குழாய் இழுப்பது தன்னளவில் தவறல்ல. ஆனால் அதைச் செய்தவர் ஏஜென்சி அனுப்பிய மெக்கானிக்கா, மாடுலர் கிச்சன் போட வந்தவரா என்பது முக்கியம். அலமாரிக்குப் பின்னால் மறைந்த ஜாயின்டை அழுத்தச் சோதனை செய்யாமல் பூசி மூடிவிட்டால், பிறகு கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. வேலை முடியும் முன்பே சொல்வதுதான் நல்லது.

சிலிண்டரைப் படுக்கவைத்தால் கேஸுக்குப் பதில் திரவமே டியூபுக்குள் வரும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் கேஸாக விரியும். ‘கடைசிச் சொட்டு’ ஆசையில் நடக்கும் இந்தக் காரியத்தில், அடுப்பில் திடீரென்று ஆளுயரத்துக்குத் தீ எழும்.

குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் பிரச்சினை வேறு. அங்கே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. அதற்கு வாடையே கிடையாது. புகை வெளியேற வழியில்லாத சிறிய அறையில் முதலில் பலியாவது அந்த வீட்டுக்காரரே. புகைக்குழாயை ஓ.டி.எஸ்ஸுக்குள் (காற்று, வெளிச்சத்துக்காகக் கட்டடத்துக்குள் மேலே வானம் தெரிய விடும் திறந்த இடம்) விட்டிருந்தால், உங்கள் குளியலறை ஜன்னலும் அங்கேதான் திறக்கிறதா என்று பாருங்கள்.

பேசப் போகும் முன் உங்கள் சிலிண்டரைச் சோதியுங்கள். ஓ.டி.எஸ் வழியே வரும் வாடை எந்த வீட்டுடையது என்று மூக்கு சொல்லாது. சோப்பு நுரையை ரெகுலேட்டர் பொருந்துமிடத்திலும் டியூபின் இரு முனைகளிலும் தடவினால், கசிவிருக்கும் இடத்தில் குமிழ் விடும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

பிறகு பேச்சு. குற்றம் சொல்லும் தொனி வந்துவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். “அக்கா, ராத்திரி படிக்கட்டுல லேசா கேஸ் வாடை வந்துச்சு. எங்க வீட்டுல பார்த்துட்டோம், ஒண்ணுமில்ல. உங்க டியூபு மாத்தி எவ்வளவு நாளாச்சு? மெக்கானிக் வந்தா ரெண்டு வீட்டையும் பார்க்கச் சொல்லிடலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே முடியும். வாடகை வீடு என்றால் வீட்டு ஓனரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் வீட்டுக்குள் நீங்களாகப் போய் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். போட்டோ எடுப்பதென்றால் பொது வராந்தாவில் நின்று தெரிவதை மட்டும்.

இரண்டு நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஏஜென்சியிடம் சொல்லுங்கள். ஏஜென்சியில் சொல்வது போலீஸில் சொல்வது போலல்ல. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எப்படியும் செய்ய வேண்டிய பரிசோதனையை முன்கூட்டியே கேட்கிறீர்கள், அவ்வளவுதான். ஏஜென்சி அசையாவிட்டால் கேஸ் கம்பெனிகளின் கட்டணமில்லா எண்ணான 1800 2333 555-இல் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சுவார்த்தைக்கே போகக்கூடாத ஒன்று உண்டு: பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு கேஸ் மாற்றுவது. பெரியதைத் தலைகீழாகக் கவிழ்த்து, எடை பார்க்காமல் நிரப்புவார்கள். முறையாக நிரப்பிய 14.2 கிலோ சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கும். வெயிலில் திரவம் விரிய அந்த இடம் வேண்டும். முழுக்க நிரப்பிவிட்டால் விரிவதற்கு இடமின்றி சிலிண்டரே வெடிக்கலாம். 2000-ஆம் ஆண்டு எல்பிஜி விநியோக ஆணையின்படி இது குற்றம். செய்பவருக்கு இது பிழைப்பு. நீங்கள் போய் எச்சரித்தால் சரக்கு வேறு அறைக்கு மாறும், அவ்வளவே. நேராக வட்ட வழங்கல் அலுவலகத்துக்கோ குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறைக்கோ சொல்லுங்கள். எந்த நேரத்தில் நடக்கிறது, எந்த அறை, தோராயமாக எத்தனை சிலிண்டர் என்ற மூன்றும் இருந்தால்தான் வருபவர்கள் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள்.

மெக்கானிக் வந்து டியூப் மாற்றிய பிறகும் வாடை வந்தால், பழைய புகாரிலேயே தொங்க வேண்டாம். மறுபடி 1906. முந்தைய புகார் எண்ணையும், வாடை வந்த நாள், நேரத்தையும் கையில் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.