பழைய ரோபோ பெட்டியில் ஒரு குட்டிக் கணினி

காரைக்குடியில் எங்கள் வீட்டுச் சாமான் அறையில் பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பெயர் வெட்டிய குண்டான் என்று அடுக்கி வைத்திருக்கிறது. கல்யாணம் வந்தால் போதும், "பெரிய அண்டா எங்கேப்பா இருக்கு?" என்று அப்பத்தா கேட்க ஆரம்பித்துவிடுவார். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த, பிள்ளைகள் ரோபோ செய்யும் லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ஈவி3 பெட்டியை அதற்குப் பயன்படுத்தினேன்.

2013இல் வந்த இந்தப் பெட்டிக்குள் 300 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் செயலி, 64 எம்பி ரேம், மைக்ரோ எஸ்டி கார்டு துளை, யுஎஸ்பி துளை எல்லாம் இருக்கின்றன. அதில் ஓடுவதே லினக்ஸ் இயங்குதளம்தான். படம் பார்க்க உதவாது. எழுத்து வேலைக்குத் தாராளம்.

முதலில் கார்டு. 32 ஜிபிக்கு மேல் வாங்க வேண்டாம், பெட்டி ஏற்காது. 'ஈவி3டெவ்' என்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட இலவச லினக்ஸ். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிக்கும் தனிக் கோப்பு இருப்பதால், ஈவி3க்கு உரியதைப் பார்த்து இறக்குங்கள். எட்சர் மென்பொருளால் அதைக் கார்டில் எழுதுங்கள்.

கார்டைச் செருகி நடுப் பொத்தானை அழுத்துங்கள். ஆரஞ்சு விளக்கு மினுக்கும். முதல் தடவை சில நிமிடம் ஆகும், பதறி அணைத்துவிடாதீர்கள். பச்சை வந்தால் தயார்.

பெட்டியில் வைஃபை கிடையாது, அதனால் யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணையுங்கள். பெட்டித் திரையில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, 'வயர்டு' என்பதில் கனெக்ட் கொடுத்தால் மேலே ஐபி எண் தெரியும். லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக அந்த எண்ணுக்குப் போங்கள். பயனர் பெயர் ரோபாட் (robot), கடவுச்சொல் மேக்கர் (maker). இரண்டும் சின்ன ஆங்கில எழுத்தில். உள்ளே போனதும் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

அப்புறம் பட்டியல். லேப்டாப்பிலேயே ஒரு ஹெச்டிஎம்எல் பக்கமாக எழுதிப் பெட்டிக்கு நகலெடுத்தேன். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்: பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் காட்டும் குறியீட்டு முறை) என்று குறிக்காமல் விட்டேன். 'அண்டா' என்று எழுதியது புரியாத குறிகளாக வந்தது. அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் சரியானது. பக்கம் இருக்கும் கோப்புறையில் நின்று, பைத்தான் 3 நிரல்மொழியுடன் வரும் ஹெச்டிடிபி சர்வரை (பக்கத்தைப் பிரவுசருக்கு அனுப்பும் நிரல்) 8000 என்ற போர்ட்டில் ஓடவிடுங்கள். பைத்தான் எழுந்திருக்கவே சில நொடி பிடிக்கும், பொறுங்கள். பிறகு லேப்டாப் பிரவுசரில் ஐபி எண், முக்காற்புள்ளி, 8000 என்று தட்டினால் பட்டியல் வந்துவிடும்.

போனிலும் பார்க்க லினக்ஸ் டிரைவர் உள்ள யுஎஸ்பி வைஃபை குச்சி வேண்டும். எங்கள் வீட்டுச் சுவர் கனம். சிக்னல் இரண்டாங்கட்டைத் தாண்டாது. அதனால் பெட்டியை முகப்பிலேயே வைத்திருக்கிறேன்.

யுஎஸ்பி கேபிள் பெட்டிக்கு மின்சாரம் தராது. நாள் முழுக்க ஓட, ரீசார்ஜ் பேட்டரியைச் சார்ஜரோடு இணைத்தே வையுங்கள். நிறுத்தும்போது மெனுவில் பவர் ஆஃப் கொடுங்கள். பேட்டரியைப் பிடுங்கினால் கார்டில் உள்ளது கெடலாம்.

விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்து ரோபோ கேட்டால், அணைத்துவிட்டுக் கார்டை உருவி எடுங்கள். பெட்டியின் பழைய மென்பொருள் உள்ளே அப்படியே இருக்கும்.