கார்டு ஷோவில் பழைய பேஸ்பால் கார்டும் கையெழுத்துப் பந்தும் பார்ப்பது எப்படி?

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட பழைய கார்டுகளையும் அவர்கள் கையெழுத்திட்ட பந்துகளையும் விற்கும், வாங்கும் சந்தைதான் கார்டு ஷோ. அமெரிக்காவில் கார்டு ஷோ என்றால் பெரும்பாலும் ஒரு ஹோட்டல் ஹால், வரிசையாக மேசைகள், கண்ணாடிப் பெட்டிகள், மேசைக்கடியில் ‘எதை எடுத்தாலும் 1 டாலர்’ கார்டு டப்பாக்கள். கோடையில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் பெரிய ஷோவை எல்லாரும் ‘நேஷனல்’ என்பார்கள். 1980-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்தது. இப்போது ஒரே நாளில் சுற்றி முடிக்க முடியாத அளவு. ஷோ சிறியதோ பெரியதோ, பொருளைப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

1. பையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப். மில்லிமீட்டர் ஸ்கேல் (பிளாஸ்டிக்கில், உலோக ஸ்கேல் கார்டின் ஓரத்தைச் சிராய்த்துவிடும்). 365 நானோமீட்டர் யூவி டார்ச். 395 மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் ஊதா வெளிச்சமே காகிதத்தின் ஒளிர்வை மறைத்துவிடும். கார்டைப் போட்டுவைக்க மெல்லிய பிளாஸ்டிக் உறையான பென்னி ஸ்லீவ் 50, கெட்டியான பிளாஸ்டிக் உறையான டாப்லோடர் 15. இதில் ஒரு சிக்கல்: வழக்கமான டாப்லோடர் 63.5 × 88.9 மி.மீ. கார்டுக்கானது. கார்டுகளை வெளியிடும் டாப்ஸ் நிறுவனம் அந்த அளவுக்கு மாறியதே 1957-இல்தான். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் கார்டுகள் பெரியவை, திணித்தால் மூலை மடங்கும். அவற்றுக்குத் தனி அளவு டாப்லோடர் குறைந்தது ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் 5, 10, 20 டாலர் தாள்களாக இருக்கட்டும். கூடவே ஒரு சீட்டில், எந்த ஆண்டு, எந்த அணி, எந்த வீரர் என்று எழுதிக்கொள்ளுங்கள். “பழசா ஏதாவது நல்லதா” என்று போகிறவர் கையில் கடைசியில் 1980-களின் பிற்பகுதிக் கார்டுகள்தான் மிஞ்சும். அவை அளவுக்கு மீறி அச்சடிக்கப்பட்டவை. பெரும்பாலானவற்றுக்குக் காகித விலைகூடக் கிடைக்காது.

2. முதல் சுற்றில் வாங்காதீர்கள்

ஒரு சுற்று சும்மா நடங்கள். பிடித்ததன் மேசை எண்ணையும் விலையையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்கும், கார்டை ஸ்லீவிலிருந்து உருவுவதற்கும் முன்னால் டீலரிடம் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விலை சொல்வது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. சொந்தக் கார்டுகளைக் கொண்டுபோனால் மேசையில் வைக்கும் முன்பே “இது என்னுடையது” என்று சொல்லிவிடுங்கள்.

3. கார்டு கைக்கு வந்ததும்

முதலில் அளவு. 1952 டாப்ஸ் 66.7 × 95.3 மி.மீ. இருக்க வேண்டும். அதே படம், அதே வடிவமைப்பில் 63.5 × 88.9 இருந்தால் அது பெரும்பாலும் டாப்ஸே 1983-இல் போட்ட மறுபதிப்பு. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டியோடு வந்த டி206 கார்டு 36.5 × 66.7. அகலம் குறைந்திருந்தால் ஓரம் வெட்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஆனால் பின்பக்கம் ‘அமெரிக்கன் பியூட்டி’ சிகரெட் விளம்பரம் உள்ள டி206 பிறவியிலேயே ஒல்லி. பதறி நல்ல கார்டை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து ஓரம். ஐம்பது வருடம் பழகிய கார்டில் மூலைகள் மழுங்கி, ஒரு பக்கம் மட்டும் கத்தி மாதிரி கூராகவும் வெள்ளையாகவும் இருந்தால் அந்தப் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. பிறகு விளக்குக்கு நேராகப் பிடிக்காமல், கண் மட்டத்தில் கிடையாகச் சாய்த்துப் பாருங்கள். நேரே பார்க்கும்போது தெரியாத மடிப்புக்கோடு அப்போது தெரியும். கருப்பு ஓரம் உள்ள 1971 டாப்ஸில் வெள்ளை தெரியும் இடங்களை மார்க்கரால் பூசிவிடுவது பழைய தில்லுமுல்லு. சாய்த்துப் பார்த்தால் பூசிய மை தனியாக மினுங்கும்.

லூப்பை வீரரின் பெயர் எழுத்தின்மேல் வையுங்கள். அசல் 1952 டாப்ஸில் எழுத்தும் கருப்புக் கோடும் முழு மையாக, விளிம்பு சுத்தமாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தே சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாக உடைந்திருக்கும். பழைய சிகரெட் கார்டுக்கு யூவி டார்ச்சும் அடித்துப் பாருங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வு ரசாயனங்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1909 கார்டு பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் பேரமே வேண்டாம். 1950-களின் கார்டுக்கு இந்தச் சோதனை அவ்வளவு உதவாது.

4. கையெழுத்துப் பந்து: காலக்கணக்கு

“எங்க தாத்தா நேரில் வாங்கியது” என்ற கதைக்கு விலை இல்லை. பந்தைத் திருப்புங்கள். தையல்கள் நெருங்கிவரும் குறுகிய இடத்துக்கு ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்று பெயர். ஒரு பந்தில் இரண்டு உண்டு. பழைய அதிகாரப்பூர்வப் பந்துகளில் ஒன்றில் லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும், மற்றதில் வீரர் கையெழுத்துப் போடுவார். அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் தலைவராக வில் ஹாரிட்ஜ் 1931 முதல் 1959 துவக்கம் வரை, ஜோ குரோனின் 1973 வரை, லீ மக்ஃபெயில் 1983 வரை, பாபி பிரவுன் 1994 வரை இருந்தார்கள். புகழ்பெற்ற வீரர் பேப் ரூத் இறந்தது 1948. ஜோ குரோனின் பெயர் உள்ள பந்தில் ரூத் கையெழுத்து என்றால், ரூத் மறைந்து பத்து வருடம் கழித்துப் போட்டதாக இருக்க வேண்டும்!

பேனாவும் காட்டிக்கொடுக்கும். பால்பாயின்ட் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945 அக்டோபரில். 1941-இல் இறந்த வீரர் லூ கெரிக் அதில் எழுதியிருக்க முடியாது. ஷார்பி மார்க்கர் 1964-இல் வந்தது. காலம் பொருந்தாவிட்டால் போலி என்பது உறுதி. பொருந்திவிட்டதாலேயே அசல் ஆகிவிடாது. பழைய வெற்றுப் பந்தை வாங்கி அதில் எழுதுகிறவர்களும் உண்டு. பெரிய பெயர் என்றால் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற, அசல்தானா என்று சோதிக்கும் நிறுவனங்களின் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.

5. ஸ்லாப்

பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனம் கார்டுக்குத் தரம் போட்டு மூடிய பிளாஸ்டிக் கூடு. லேபிளில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் அங்கேயே தட்டி, வரும் விவரமும் படமும் கையில் உள்ள கார்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஓரத்தில் பிசின் தடமோ விரிசலோ இருந்தால் திறந்து மூடியிருக்கிறார்கள். கூட்டுக்குள் இருக்கிறது என்பதற்காகக் கார்டைப் பார்க்காமல் விடக்கூடாது. வீரர் ஹோனஸ் வாக்னரின் மிகப் பிரபலமான டி206 கார்டுக்கு பி.எஸ்.ஏ. பத்துக்கு 8 என்று தரம் கொடுத்தது. அதன் ஓரத்தைத் தானே வெட்டியதாக பில் மாஸ்ட்ரோ என்ற டீலர் 2013-இல் ஒப்புக்கொண்டார்.

6. விலை

ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ‘விற்றவை’ என்று வடிகட்டி, அதே தரத்தில் கடைசியாக விற்ற நாலைந்தைப் பாருங்கள். “இதற்கு உங்கள் கடைசி விலை என்ன?” என்பதே நல்ல ஆரம்பம். மூன்று நான்கு கார்டு சேர்த்துக் கேட்டால் இன்னும் இறங்குவார்கள், கடைசி நாள் மதியம் இன்னும் சுலபம். ஆனால் நீங்கள் சொன்ன விலைக்கு அவர் சரி என்றுவிட்டால் வாங்கியே ஆக வேண்டும்.

சான்று இல்லாத கையெழுத்து வாங்குவதானால் பில் கேளுங்கள். பொருளின் பெயர், தேதி, டீலரின் தொடர்பு எண் மூன்றும் இருக்கட்டும். சோதனையில் தோற்றால் முழுப் பணம் திருப்பித் தருவதாக, எத்தனை நாளுக்குள் என்பதோடு, அதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் மட்டும் சொல்கிறார் என்றால் பந்தை மேசையிலேயே வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள்.