மாணவர் பந்தயக் காருக்கு இறுதி இயக்க அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பயன்படுத்தும் மாணவர் அணிகளுக்கு, முதல் காரில் எஞ்சினின் சுழற்சியைச் சக்கர அச்சுக்குக் கடத்தும் இறுதி இயக்கமாகச் செயின் இயக்கமே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. செயின் பொருந்தும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றினாலே கியர் விகிதம் மாறிவிடுவதால், கணக்கில் நேர்ந்த பிழையைச் சோதனை ஓட்டத்தின்போதே திருத்திக்கொள்ளலாம். பெல்ட் அமைதியாக இயங்கும். ஆனால் அகலமான இடம் கேட்கும்.

பலரும் கவனிக்கத் தவறுவது, இரு பக்கச் சக்கரங்களுக்கும் முறுக்குவிசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் பிராக்கெட்டுகளின் விறைப்பைத்தான். 15.875 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட 520 வகைச் செயினுக்கான 40 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் ஏறத்தாழ 101 மி.மீ. என்பதால், அச்சில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை செல்லும்போது செயின் சுமார் 5,000 நியூட்டன் விசையுடன் அந்தப் பிராக்கெட்டுகளை முன்னோக்கி இழுக்கிறது. அவை சற்றே வளைந்தாலும் செயின் நேர்கோட்டிலிருந்து விலகி, பற்களை விரைவில் தேய்த்துவிடும். ஆகவே எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் அவற்றை மெலிதாக்கிவிடாதீர்கள்.

செயினின் கண்ணி எண்ணிக்கையுடன் பொதுக் காரணி இல்லாத பல் எண்ணிக்கையைச் சிறிய ஸ்ப்ராக்கெட்டுக்குத் தேர்ந்தால் தேய்மானம் சீராகப் பரவும். செயின் இழுவிசையைச் சரிசெய்யும் வசதியையும், அறுந்த செயினைத் தடுக்கும் எஃகுக் கவசத்துக்கான இடத்தையும் வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.