சுவர் மூலையில் பூஞ்சை: ஸ்டுட்கார்ட் அறையில் நான் சரிசெய்த விதம்

ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் சின்ன அறை ஒன்று எடுத்திருந்தேன். நவம்பரில் கட்டிலுக்குப் பின்னால், வெளிச்சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை! முன்பணம் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்.

ஜன்னலை நாள் முழுக்க மேல்பக்கம் லேசாகச் சாய்த்தே வைத்திருந்தேன், காற்றோட்டத்துக்கு அது போதும் என்று நினைத்து. அதுதான் தப்பு. அப்படி வைத்தால் காற்று மெதுவாகத்தான் மாறும். சுற்றியுள்ள சுவரோ சில்லிட்டுப்போகும். சோறு வேகும் ஆவி, அறைக்குள்ளேயே காயப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் அந்தக் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும்.

பக்கத்து அறை ஜெர்மன் தோழிதான் 'ஷ்டோஸ்லுஃப்டன்' சொல்லிக் கொடுத்தாள். ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை முழுசாக 5 முதல் 10 நிமிடம் திறந்து, அப்புறம் இறுக்கமாக மூட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. குளிர் எலும்பைத் தொடும், ஆனால் சுவரும் சாமான்களும் சூட்டைப் பிடித்துவைத்திருப்பதால் அறை சீக்கிரமே சூடாகிவிடுகிறது.

புள்ளிகளை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்தேன் (கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல்). கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன். ஈரப்பதமானி ஒன்றும் வாங்கினேன். 60 சதவீதத்தைத் தாண்டினால் உடனே ஜன்னல்.

பிப்ரவரியில் அறையைக் காலி செய்யும் வரை புள்ளி திரும்பவில்லை. முன்பணமும் முழுசாக வந்தது.