காவிரி டெல்டாவுக்கான காலநிலை ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருங்கால மழையையும் வெப்பத்தையும் கணினியில் கணிக்கும் காலநிலை மாதிரிகளின் தரவை இறக்குவதற்கு முன் நீர்வளத் துறைப் பொறியாளரோடும் வேளாண் அலுவலரோடும் உட்கார்ந்து பேசுங்கள். கடைமடை வடிகாலை எத்தனை கன அடிக்கு வெட்டுவது, சம்பா நாற்றங்காலை எந்த வாரம் தொடங்கச் சொல்வது: அவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் இப்படிப்பட்டவை. ‘2050க்குள் மழை கூடும்’ என்ற வரியை வைத்து யாராலும் திட்ட மதிப்பீடு போட முடியாது. இந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் காவிரி டெல்டா ஆய்வுகளில் முதல் தவறு.

அடுத்தது ஆண்டுச் சராசரி. குறுவைக்கு மேட்டூரில் திறக்கும் நீர், பெரும்பாலும் குடகிலும் வயநாட்டிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்த மழை. சம்பாவை மூழ்கடிப்பதோ டெல்டாவிலேயே கொட்டும் வடகிழக்குப் பருவமழை. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒன்றின் குறைவை மற்றதன் மிகுதி மறைத்துவிடும். நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் டெல்டாவுக்கும் தனித்தனியே, பருவம் பிரித்து, தினசரி மழையைக் கொண்டு கணக்கிடுங்கள். வடகிழக்குப் பருவத்தைச் சரியாகக் காட்டாத உலக மாதிரிகள் பல உண்டு. கடந்த கால மழையோடு ஒப்பிட்டு அவற்றை முதலிலேயே கழியுங்கள்.

உலக மாதிரி நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும். அதன் ஒரு கட்டம் பெரும்பாலும் பக்கத்துக்கு 100 கி.மீ. அளவு, மயிலாடுதுறை மாவட்டத்தைவிடப் பல மடங்கு பெரிது. அதை 25 கி.மீ. கட்டங்களாக நறுக்கினால் படம் அழகாகுமே தவிர, புதுத் தகவல் வராது. மாதிரியின் மழையை உண்மையில் பதிவான மழையோடு ஒத்துப்போகச் செய்யும் பிழைதிருத்தத்தை 1981–2000 தரவில் பழக்கி, 2001–2014 தரவில் சோதித்துப் பாருங்கள். அதே ஆண்டுகளில் பழக்கி அதே ஆண்டுகளில் சோதித்தால் எந்த முறையும் தேறிவிடும்.

பெருமழைக்கு இந்தத் திருத்தமும் போதாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு நாள் பழக்கிய தரவின் எல்லைக்கு வெளியே இருக்கும். கணக்கீடு அங்கே ஊகித்துத்தான் நீளும். ஒரே மழைமானி நிலையத்தின் 30 ஆண்டுப் பதிவிலிருந்து நூறாண்டு வெள்ளத்தை, அதாவது எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தை, சொல்வதும் இதே ஊகம்தான். ஒரே தன்மையுள்ள பல நிலையங்களைச் சேர்த்து உச்சமதிப்புப் பகுப்பாய்வு (அரிதான பெருமழையின் வாய்ப்பைக் கணிக்கும் புள்ளியியல் முறை) செய்து, கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் அச்சிடுங்கள்.

கடலோரத்தில் பெரிதும் ஏமாற்றுவது உயர வரைபடம். விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த, இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு தென்னந்தோப்பின் தலையைத் தரையாக எண்ணும். அதன் பிழை மீட்டர் கணக்கில் இருக்கும். கடல்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மேலே கிடக்கும் நாகை வயல்களுக்கு அதை வைத்து வெள்ள எல்லை வரைவது ஆபத்து. நேரடி அளவீடோ, லேசர் ஒளியால் உயரம் அளக்கும் லைடார் அளவீடோ வேண்டும். வண்டல் வரத்து குறைந்த டெல்டாவில் தரையும் தாழக்கூடும் என்பதால், கடல் உயர்வோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

பசுங்குடில் வாயுக்கள் வருங்காலத்தில் எவ்வளவு வெளியேறும் என்ற அனுமானங்களில், எஸ்எஸ்பி5-8.5 என்ற உச்ச உமிழ்வுப் பாதையை மட்டும் காட்டிப் பயமுறுத்த வேண்டாம், எஸ்எஸ்பி2-4.5 என்ற நடுத்தரப் பாதையையும் வையுங்கள். 2050 வரை மழையைப் பொறுத்தவரை பாதைகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாடே பெரிது.

மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை எடுத்தால், அதிலுள்ள நாகப்பட்டினத்துக்குள் 2020இல் பிரிந்த மயிலாடுதுறையும் அடக்கம். வட்ட (தாலுகா) அளவில் பிரித்துக் கூட்டுங்கள்.

மாநில நிதிநிலை அறிக்கை வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். துறைகள் முன்மொழிவு எழுதுவது அதற்குப் பல மாதம் முன்பே. எனவே செப்டம்பருக்குள் இரண்டு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிடுங்கள்: எந்த மதகு, எவ்வளவு நீர், எந்த ஆண்டு வரை, கணக்கு எவ்வளவு தவறலாம்.