வீட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கான விவரங்கள் 2010-இல் வீட்டுப் பட்டியல் கணக்கெடுப்போடு சேர்த்துத் தாளில் எழுதி வாங்கப்பட்டன. அதுபோன்ற படிவங்களை எக்செல்லில் ஏற்றப் பழகுகிறவர்களுக்கான குறிப்பு இது. படிவத்தில் இருப்பதை மட்டுமே அடியுங்கள். தவறென்று தோன்றினாலும் திருத்த வேண்டாம். கடைசியில் ‘ஐயம்’ என்றொரு நெடுவரிசை வைத்து அதில் குறித்துவிடுங்கள்.

1. ‘குடும்பம்’, ‘நபர்’ என்று இரண்டு ஷீட் போடுங்கள். ஒரே ஷீட்டில் அடித்தால் ஒரே முகவரி ஆளுக்கு ஒரு விதமாகப் பதிவாகும். இணைப்புக்கு ஓர் எண் வேண்டும்: தொகுதிக்கு (ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கிய பகுதி) 4 இலக்கம், குடும்பத்துக்கு 3, நபருக்கு 2. தொகுதி 0147, குடும்பம் 023, இரண்டாம் நபர் என்றால் 014702302.

2. முதல் வரி அடிக்கும் முன்பே எண் வரும் நெடுவரிசைகளை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள 0 பறிபோகும். 12 இலக்க ஆதார் எண் நடுவில் ஆங்கில ‘E’ எழுத்தோடு சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக்) கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான்.

3. பிறந்த நாள், மாதம், ஆண்டு மூன்றும் தனித்தனி நெடுவரிசை. ஆண்டு 4 இலக்கம். ஒரே கட்டத்தில் 12-5-28 என்று அடித்தால் 1928-இல் பிறந்த பெரியவர் 2028-க்குப் போய்விடுவார். வயது மட்டும் இருந்தால் வயதை மட்டும் அடியுங்கள். தேதியை 01-01 என்று நிரப்பினால், உண்மையிலேயே ஜனவரி 1-இல் பிறந்தவரைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

4. பெயர்களில் நிதானம் தேவை. யூனிகோட் எழுத்துருவில்தான் அடிக்க வேண்டும். ‘சௌந்தரராஜன்’ என்பதில் ‘சௌ’ ஒரே எழுத்து. ‘செ’ அடித்து ‘ள’ சேர்த்தாலும் திரையில் அநேகமாக அப்படியேதான் தெரியும். தேடினால் ஆள் அகப்பட மாட்டார். தலைப்பெழுத்துக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.

5. டெல்டாவில் ஊர்ப் பெயரில்தான் அதிகம் சறுக்கும். மேலத்தெரு, கீழத்தெரு இல்லாத கிராமம் அரிது. ஊரைச் சேர்க்காமல் தெருவை மட்டும் அடித்தால் பயனில்லை. கும்பகோணம் ஒரு படிவத்தில் ‘குடந்தை’ என்றிருக்கும். அதை அப்படியே அடித்து, பக்கத்தில் ஊர்க் குறியீடு போடுங்கள். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020-இல்தான். பழைய படிவத்தில் ‘நாகப்பட்டினம்’ என்றிருப்பது சரியே. இன்றைய மாவட்டத்துக்கு வேறு நெடுவரிசை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனைச் சேர்ப்பதா? ஓரிடத்தில் 6 மாதம் வசித்தவர், அல்லது அடுத்த 6 மாதம் வசிக்க எண்ணுபவர் என்பதே பதிவேட்டின் அளவுகோல். அதை முடிவுசெய்ய வேண்டியவர் கணக்கெடுப்பாளர், அடிப்பவர் அல்ல.

6. ஒரே படிவத்தை இருவர் தனித்தனியாக அடித்து, ‘எக்ஸாக்ட்’ சூத்திரத்தால் ஒப்பிடுங்கள். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் ஒருவர் இரண்டு முறை வாசிப்பதைவிட இதில் பிழை நன்றாகச் சிக்கும். குடும்பத்துக்கு ஒரே தலைவர்தானா, தாய்க்கும் பிள்ளைக்கும் 15 வயதாவது இடைவெளி உண்டா என்றும் பாருங்கள்.

ஐயப் பட்டியலை அச்செடுத்துக் கணக்கெடுப்பாளரிடம் கொடுங்கள். அவர் படிவத்தில் திருத்திக் கையெழுத்திட்ட பிறகே கோப்பில் மாற்றலாம். கோப்புக்குக் கடவுச்சொல் கட்டாயம். வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.