கீர் ஹார்டியைப் பற்றி எழுதும்போது எங்கெல்லாம் சறுக்குகிறோம்

பிரிட்டனின் தொழிற்கட்சி எப்படிப் பிறந்தது என்று பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்கும் பெயர் கீர் ஹார்டி. ஸ்காட்லாந்துச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஏழைச் சிறுவன், துணித்தொப்பியோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர், தொழிலாளிகளுக்கு ஒரு கட்சி கொடுத்தவர். மூன்றே வரியில் கதை முடிந்துவிடுகிறது. அந்த மூன்று வரியில் ஏகப்பட்ட சறுக்கல்களும் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கடைசியில் என்ன ஆனார் என்று தெரிந்துவிட்டதால், பிறந்ததிலிருந்தே அதை நோக்கித்தான் நடந்தார் என்பதுபோல எழுதிவிடுகிறோம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 1856 ஆகஸ்ட் 15 அன்று லனார்க்‌ஷயரில் பிறந்தபோது அவர் ஹார்டி இல்லை. தாய் மேரி கீர் வீட்டுவேலை செய்துவந்தவர், அப்போது திருமணமாகாதவர். பின்னர் டேவிட் ஹார்டி என்ற கப்பல் தச்சரை மணந்துகொண்டார். மாற்றாந்தந்தையின் பெயர்தான் ஹார்டி. ‘கீர்’ என்பது அம்மாவின் குடும்பப் பெயர். ஆகவே “கப்பல் தச்சரின் மகன்” என்று எழுதினால் அந்தத் தாயின் கதையே காணாமல் போய்விடும்.

பத்து வயதில் சுரங்கத்துக்குள் போனார். காற்றோட்டக் கதவைத் திறந்து மூடுவது வேலை. நாள் முழுக்க இருட்டு. அதற்கு முன் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தபோது, நோயில் கிடந்த தம்பியைப் பார்த்துக்கொண்டு தாமதமாகப் போனதற்காக முதலாளி வேலையை விட்டு அனுப்பினார் என்றொரு உருக்கமான சம்பவம் உண்டு. அது அவரே பின்னாளில் சொன்னது. பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மேடைப் பேச்சாளர் ஒருவரின் நினைவு அது. “ஹார்டி நினைவுகூர்ந்தார்” என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்துவிட்டால் போதும்.

அடுத்தது பெரிய தவறு. அவரைத் தொடக்கத்திலிருந்தே சோஷலிஸ்டாகக் காட்டுவது. அவர் பல வருடம் லிபரல் கட்சிக்காரர். மதுவிலக்கு இயக்கத்திலும் தீவிரமாக இருந்தவர். 1888இல் மிட் லனார்க் இடைத்தேர்தல் வந்தபோது முதலில் லிபரல் வேட்பாளராகத்தான் நிற்கப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை. அப்புறம்தான் சுயேச்சை. கிடைத்தது 617 வாக்கு, கடைசி இடம். வென்ற லிபரலுக்கு 3,847. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையிலேயே முக்கியமான எண் அந்த 617தான். அதே ஆண்டு ஸ்காட்டிஷ் தொழிற்கட்சி உருவானது. 1893இல் பிராட்ஃபோர்டில் சுயேச்சைத் தொழிற்கட்சி, 1900இல் லண்டனில் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு, 1906இல் அந்தக் குழுவுக்கே தொழிற்கட்சி என்ற பெயர். இவை நான்கும் ஒன்றில்லை. “1893இல் தொழிற்கட்சியைத் தொடங்கினார்” என்று பலர் எழுதிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

“முதல் தொழிலாளி எம்.பி.” என்பதும் தப்பு. சுரங்கத் தொழிலாளிகளான அலெக்சாண்டர் மெக்டொனால்டும் தாமஸ் பர்ட்டும் 1874இலேயே உள்ளே போய்விட்டார்கள், லிபரல்களோடு சேர்ந்து. ஸ்காட்லாந்தின் எம்.பி. என்பதும் தப்பு. அவர் ஸ்காட்லாந்தில் ஒரு தொகுதியிலும் ஜெயித்ததில்லை. 1892இல் லண்டனின் வெஸ்ட் ஹாம் தெற்கு, 1900இலிருந்து சாகும்வரை வேல்ஸின் மெர்த்தர் டிட்வில். தொழிற்கட்சியின் முதல் பிரதமர் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரான ராம்சே மெக்டொனால்ட். ஹார்டி அமைச்சராகக்கூட இருந்ததில்லை. அந்தத் துணித்தொப்பியும் ‘டியர்ஸ்டாக்கர்’ என்ற வேட்டைத்தொப்பிதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். சரி, தொப்பி போகட்டும்.

1894 ஜூன் மாதம் அவர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையைத்தான் மிக மோசமாகச் சிதைக்கிறார்கள். ஜூன் 23 அன்று வேல்ஸின் கில்வினிட் ஊரில் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 290 பேர் இறந்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. கொலையுண்ட பிரெஞ்சு ஜனாதிபதிக்காக அவை இரங்கல் தெரிவித்தது, குழந்தைக்காக வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. சுரங்கத்தில் செத்தவர்களின் குடும்பங்களுக்கும் ஒரு வரி இரங்கல் சேருங்கள் என்று ஹார்டி கேட்டார். மறுத்தார்கள். அதன்பிறகுதான் அவர் வாழ்த்துத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசினார். சுரங்கத்தை விட்டுவிட்டு உரையை மட்டும் எடுத்துப் போட்டால், பிறந்த குழந்தையைச் சபித்த முரடன்போலத் தெரிவார்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இந்தக் குழந்தையை உலகம் சுற்ற அனுப்புவார்கள், தகுதி குறைந்த பெண்ணோடு உறவு என்று வதந்தி வரும், செலவு நாட்டின் தலையில் விழும் என்று அவர் சொன்னார். குழந்தை வளர்ந்து எட்டாம் எட்வர்டாகி, 1936இல் விவாகரத்தான பெண்ணுக்காக முடி துறந்தது. உடனே ஹார்டியைத் தீர்க்கதரிசி ஆக்கிவிடுகிறார்கள். அவர் ஜோசியம் சொல்லவில்லை. இளவரசர்களின் வாழ்க்கை வழக்கமாக எப்படிப் போகும் என்பதை நக்கலாகச் சொன்னார், அவ்வளவுதான்.

கடைசியாக மரணம். முதல் உலகப்போரை எதிர்த்து, கூட்டங்களில் கூச்சலுக்கு ஆளாகி, மனம் உடைந்து செத்தார் என்பார்கள். மனம் உடைந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவருக்கு ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தது. 1915 செப்டம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் நிமோனியாவில் இறந்தார், வயது 59. காலியான மெர்த்தர் தொகுதிக்கு நவம்பரில் இடைத்தேர்தல் நடந்தது. ஜெயித்தவர் சார்லஸ் ஸ்டான்டன், போரை உரக்க ஆதரித்த தொழிற்சங்கக்காரர்.